வடசென்னையின் நெரிசலும் இயற்கையின் எல்லைகளும்: எண்ண வேண்டியது தலைகளையா, நுகர்வையா?

1. பழையவண்ணை

அனைவருக்கும் வணக்கம். வடசென்னையின் சூழல் பற்றி இங்கே எழுதப்படும் பதிவுகளை நெடுநாளாகப் படித்துவருகிறேன். எண்ணூர்ச் சாம்பல், மணலிப் புகை, கொடுங்கையூர்க் குப்பைமேடு என ஒவ்வொன்றும் விரிவாகப் பேசப்படுகிறது. ஆனால் இவை அனைத்துக்கும் அடியில் இருக்கும் மக்கள்தொகை என்னும் கேள்வியை எவரும் தொடுவதில்லை. சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் ஆலைகளைப் பற்றிப் பேசும் அளவுக்கு மக்கள் எண்ணிக்கையைப் பற்றிப் பேச ஏன் கூசுகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அன்றைய சென்னை மாவட்டத்தின் 175 சதுர கிலோமீட்டர் பரப்பில் 46 லட்சத்து 46 ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர். அதே ஆண்டில் தமிழ்நாட்டின் சராசரி 555, இந்தியாவின் சராசரி 382. பழைய வண்ணாரப்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் தீயணைப்பு வண்டி நுழைய முடியாத தெருக்கள் எத்தனை என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஓட்டு வீடு ஒன்று நின்ற மனையில் இன்று நான்கு தளங்கள் எழும்பி நிற்கின்றன. தெருவின் அடியில் போகும் சாக்கடைக் குழாய் மட்டும் அந்த ஓட்டு வீட்டின் காலத்தது.

ஒரு நிலம் எத்தனை பேரைத் தாங்கும் என்பதற்கு அளவு உண்டு. உணவு பெருகுவதைவிட வேகமாக மக்கள்தொகை பெருகும் என்று 1798இல் மால்தூஸ் எழுதியதை எல்லோரும் எள்ளி நகையாடிவிட்டார்கள். எல்லை என்று ஒன்று இல்லவே இல்லை என்று யாராவது உறுதியாகச் சொல்ல முடியுமா?

2. மூலக்கடை

எல்லை உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் தந்த எண்ணை முதலில் பார்ப்போம், ஐயா. 2011 அக்டோபரில் மாநகராட்சி எல்லை 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அதே கணக்கெடுப்பின் மக்களை அந்தப் புதிய எல்லைக்குள் எண்ணினால் சுமார் 67 லட்சம். அடர்த்தி 16,000க்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஒருவர்கூட வீடு மாறாமல், ஒரு குழாய்கூடப் புதிதாகப் பதிக்கப்படாமல், நகரத்தின் நெரிசல் பத்தில் நான்கு பங்கு குறைந்துவிட்டது! கோடு எங்கே போடப்படுகிறது என்பதைப் பொறுத்து மாறும் எண்ணை நிலத்தின் தாங்குதிறனுக்கு அளவுகோலாக வைத்துக்கொள்ள முடியாது.

பாரிஸ் நகரில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 20,000 பேர், மன்ஹாட்டனில் 27,000க்கும் மேல். அங்கே சாக்கடை தெருவில் ஓடுவதில்லை. ஆகவே உங்கள் தெருவின் குறை குழாயில் இருக்கிறது.

3. கணக்குப்பிள்ளை

மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்குத் தெரிந்த வழியில் இதை அணுகுகிறேன்.

1970களின் தொடக்கத்தில் எர்லிக், ஹோல்ட்ரன் ஆகிய அமெரிக்க அறிவியலர் இருவரும் ஓர் எளிய சமன்பாட்டை முன்வைத்தார்கள். சூழல்மீதான தாக்கம் என்பது மக்கள்தொகை, ஒருவருக்கான நுகர்வு, அந்த நுகர்வை நிறைவேற்றும் தொழில்நுட்பத்தின் தன்மை ஆகிய மூன்றின் பெருக்கல். பழையவண்ணை ஐயா முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறார். மற்ற இரண்டையும் நம் ஊர்ச் சரக்கைக் கொண்டே போட்டுப் பார்க்கிறேன்.

ஒரு யூனிட் அனல்மின்சாரத்துக்கு ஏறத்தாழ 650 முதல் 700 கிராம் நிலக்கரி எரிகிறது. உள்நாட்டு நிலக்கரியில் சாம்பல் முப்பது முதல் நாற்பது விழுக்காடு. குறைத்தே கணக்கிட்டாலும் ஒரு யூனிட்டுக்கு 200 கிராம் சாம்பல் மிஞ்சுகிறது. ஒற்றை அறையில் ஐந்து பேர் வாழும் குடும்பம் இரண்டு மாதத்துக்கு 160 யூனிட் செலவிடுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு மின்விசிறி, தொலைக்காட்சி, சிறிய குளிர்பதனப் பெட்டி, மிக்சி, கிரைண்டர் அனைத்தும் அதற்குள் அடங்கிவிடும். அது நிலக்கரி மின்சாரமாக இருந்தால் சாம்பல் 32 கிலோ. ஆளுக்கு ஆறரைக் கிலோவுக்கும் குறைவு. மூன்று பேர் வாழும் வீட்டில் இரண்டு ஏசி ஓடி 1,000 யூனிட் ஆகிறது என்றால் சாம்பல் 200 கிலோ; ஆளுக்கு ஏறத்தாழ 67 கிலோ. பத்து மடங்கு வித்தியாசம். இவை நான் எடுத்துக்கொண்ட மாதிரி வீடுகள்தான். ஆனால் மின்கட்டண அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் தங்கள் வீட்டுக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம்.

அடுத்து, அந்தச் சாம்பல் எங்கே சேர்கிறது? அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்கள் 630, 1,200 மெகாவாட். வல்லூர் 1,500 மெகாவாட். இரண்டும் சேர்ந்து 3,330. 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்ட 800 மெகாவாட் அலகு இதில் சேரவில்லை. இந்த மின்சாரம் தொகுப்பில் கலந்து எங்கெங்கோ போகிறது. நாளைக்கே வியாசர்பாடி முழுவதையும் காலி செய்தாலும் அத்திப்பட்டில் ஓர் அலகுகூட நிற்காது. இலையில் உண்டவர்கள் ஓரிடத்தில், எச்சில் இலை விழுவது வேறிடத்தில் என்று ஆன பிறகு, இலை விழும் இடத்தில் இருப்பவர்களின் தலையை எண்ணி என்ன பயன்?

4. ஆறாம் பிளாக்

நான் வாரியக் குடியிருப்பில் வாழ்பவள். கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன முதல் வீடு ஏறத்தாழ எங்கள் வீடுதான். நாங்கள் ஆறு பேர் என்பது மட்டுமே வேறுபாடு.

நாங்கள் குறைவாகச் செலவிடுகிறோம் என்பதை ஒரு பெருமையாக இங்கே எழுதிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நகரங்களுக்கான நீர்த்திட்டங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது வழக்கமான அளவு. ஆறு பேருக்கு 810 லிட்டர், அதாவது ஐம்பது குடத்துக்கு மேல். கோடையில் அதில் கால் பங்கு வந்தாலே நாங்கள் அதை நல்ல நாள் என்கிறோம். கீழ்த்தள அடிபம்பில் வருவது உப்புநீர். அதில் பாத்திரம்கூடத் துலங்காது. குடிப்பதற்குக் கேன் தண்ணீரை விலைக்கு வாங்குகிறோம். மூன்றாம் மாடிக்குக் குடம் தூக்குபவர் யார் என்பதையும் தாங்குதிறன் பற்றிப் பேசுபவர்கள் சேர்த்து யோசிக்க வேண்டும்.

அதே நேரம், நெரிசல் பொய் என்றும் நான் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் விளையாட இடம் இல்லை. ஒரு வீட்டில் காய்ச்சல் வந்தால் வரிசையாக எல்லா வீட்டுக்கும் வருகிறது. ஏப்ரல், மே மாத இரவுகளில் கான்கிரீட் கூரை விடியும்வரை சூட்டை இறக்குவதில்லை. மூலக்கடை அவர்கள் மன்ஹாட்டனைக் காட்டினார். அங்கே ஒரு சதுர கிலோமீட்டரில் எத்தனை பேர் என்பதோடு, ஓர் அறையில் எத்தனை பேர் என்பதையும் காட்டியிருக்கலாம்.

5. பழையவண்ணை

ஆறாம் பிளாக் அம்மாவின் பதிவுக்கு நன்றி. என் வாதத்தின் அடுத்த படி அதிலேயே இருக்கிறது. இன்று ஆளுக்கு ஆறரைக் கிலோ சாம்பல் என்பது நிலையான எண் அல்ல. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் படித்து வேலைக்குப் போவார்கள். முதல் சம்பளத்தில் இல்லாவிட்டாலும் மூன்றாவது ஆண்டில் ஒரு ஏசி வாங்குவார்கள். வாங்கவும் வேண்டும், அந்தக் கூரைச் சூட்டில் வேறு வழி இல்லை. வறுமை நீங்க வேண்டும் என்று நாம் அனைவரும் விரும்புகிறோம். அப்படியானால் நபர்வழி நுகர்வு உயரும் என்பதை ஏற்றாக வேண்டும். உயர்ந்த நுகர்வை எதனால் பெருக்குகிறோம் என்பதே பிறகு முக்கியமாகிறது. நாற்பது லட்சத்தால் பெருக்குவதும் எண்பது லட்சத்தால் பெருக்குவதும் ஒன்றாகிவிடாது.

6. மூலக்கடை

பெருக்கப்படும் எண் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள், ஐயா. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் பிள்ளைகள், 1.8. ஒரு தலைமுறை தன்னைத்தானே ஈடுசெய்துகொள்ளத் தேவையான 2.1ஐ விட்டு நாம் எப்போதோ இறங்கிவிட்டோம். பழைய சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை 2001க்கும் 2011க்கும் இடையே 7 விழுக்காடுதான் கூடியது. அதே பத்தாண்டில் திருவள்ளூர் மாவட்டம் 35 விழுக்காடும் காஞ்சிபுரம் மாவட்டம் ஏறத்தாழ 39 விழுக்காடும் வளர்ந்தன.

நெரிசலான நடுப்பகுதி ஏறத்தாழ நின்றுவிட்டது, வளர்வதெல்லாம் விளிம்பு. வயலையும் ஏரி உள்வாயையும் மனைப்பிரிவாக்கி, ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் ஆழ்துளைக் கிணறு, இரண்டு வண்டி, வாரம் இருமுறை தனியார் லாரித் தண்ணீர் என்று பரவும் அந்த வளர்ச்சியில் அடர்த்தி குறைவு. ஆனால் ஒரு குடும்பம் விழுங்கும் நிலமும் எரிபொருளும் அதிகம். அடர்த்தியைக் குறைத்துவிட்டால் சூழல் பிழைத்துவிடும் என்றால் புறநகர் ஏரிகள் எல்லாம் இன்று நிரம்பி வழிய வேண்டும்.

7. கொற்றலைக்கரை

நான் எண்ணூர்க்காரன். முகத்துவாரத்தை அன்றாடம் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போகிறவன் என்பதால், எல்லை என்பது எங்கே மறைந்து எங்கே வெளிப்படுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுத விரும்புகிறேன்.

மால்தூஸின் கணக்கைப் பொய்யாக்கியது எது என்று கேட்டால் பலரும் அறிவியல் வளர்ச்சி என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். குறிப்பாகச் சொன்னால் அது அம்மோனியா. காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் முறையை ஹேபர் 1909இல் செய்துகாட்டினார். 1913இல் பாஷ் அதை ஆலை அளவுக்குக் கொண்டுவந்தார். இன்று உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் உணவு அந்த நைட்ரஜனை நம்பியிருக்கிறது. மணலியில் 1970களின் தொடக்கத்திலிருந்து அம்மோனியாவைக் கொண்டு யூரியா உரம் தயாரிக்கப்படுகிறது. தஞ்சையில் விளைந்த நெல்லுக்கும் மணலிக் காற்றுக்கும் உள்ள உறவு அன்றே தொடங்கிவிட்டது. எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று வரலாறு எழுதுகிறவர்கள், தாண்டுவதற்கு வைத்த ஏணியின் கால் எந்த ஊரின்மேல் ஊன்றப்பட்டது என்று எழுதுவதில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி, பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மூக்கையும் கண்ணையும் பொத்திக்கொண்டு பிள்ளைகளைத் தூக்கியபடி ஓடியவர்கள் அந்த ஏணியின் அடியில் இருந்தவர்கள்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து வந்தது. பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொற்றலையாற்றுக்குள் இறங்கி, படகு, வலை, அலையாத்திச் செடிகளின் வேர் என்று எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டது. மீனவர்கள் குவளையாலும் முறத்தாலும் எண்ணெயை அள்ளிய படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது வாளிகள். 2023இலும் ஏறத்தாழ அதே கருவிகள். எரிக்கும் தொழில்நுட்பம் வளரும் வேகத்தில் துடைக்கும் தொழில்நுட்பம் வளர்வதில்லை.

நீருக்கு வருகிறேன். 1960களின் இறுதியில் ஆரணியாறு, கொற்றலையாற்றுப் படுகையில் நல்ல நீரூற்று இருப்பது ஆய்வில் தெரிந்து மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் கிணற்றுப் புலங்கள் அமைந்தன. மணலி ஆலைகளுக்கும் நகரத்துக்கும் அங்கிருந்து நீர் இறைக்கப்பட்டது, உழவர்களும் இறைத்தார்கள். மழை ஊறவைப்பதைவிட மேலே எடுத்தது கூடுதலானபோது கடல்நீர் நிலத்தடியில் உள்ளே வந்தது. கரையிலிருந்து பல கிலோமீட்டர்வரை மீஞ்சூர் வட்டாரக் கிணறுகள் உப்பேறின. இயற்கையின் எல்லை என்பதற்கு நான் கண்ட தெளிவான எடுத்துக்காட்டு இதுதான்: இவ்வளவு ஊறும், இவ்வளவு எடுக்கலாம், அதற்குமேல் எடுத்தால் கடல் வரும். இந்த எல்லையை உடைத்தது மீஞ்சூரின் மக்கள்தொகை அன்று. அன்றைய மீஞ்சூர் ஒரு சிற்றூர்.

ஆகவே பழையவண்ணை ஐயாவிடம் நான் முரண்படுவது எல்லை உண்டா இல்லையா என்பதில் அல்ல. எல்லை மீறப்படும் இடமும் மீறுகிறவர்கள் வாழும் இடமும் வேறுவேறாக இருக்கும்போது, மீறப்பட்ட இடத்தில் நெரிசல் இருப்பதைக் காட்டி அதையே காரணமாக்குவதில் முரண்படுகிறேன். ஆலைகள் இங்கே வந்ததால் கூலி வேலை வந்தது. கூலி வேலைக்காக மக்கள் வந்தார்கள். நிலம் மலிவாக இருந்தது, ஏனென்றால் புகையும் சாம்பலும் இருந்த இடத்தில் வேறு யாரும் குடியேற விரும்பவில்லை. நெரிசலும் மாசும் இங்கே ஒரே காரணத்தின் இரு விளைவுகள்.

8. மூலக்கடை

கொற்றலைக்கரை எழுதியதை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் தொழில்நுட்பத்தை ஏணியாக மட்டும் பார்ப்பது முழுமையாகாது. 1980இல் எர்லிக்கும் பொருளாதார அறிஞர் சைமனும் ஒரு பந்தயம் கட்டினார்கள். மக்கள்தொகை பெருகினால் வளம் அரிதாகி விலை ஏறும் என்றார் எர்லிக். ஏறாது என்றார் சைமன். செம்பு, குரோமியம், நிக்கல், வெள்ளீயம், டங்ஸ்டன் ஆகிய ஐந்து உலோகங்களை எடுத்துக்கொண்டார்கள். பத்தாண்டில் உலக மக்கள் எண்பது கோடிக்கும் மேல் கூடினார்கள். பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் உலோகங்களின் விலை இறங்கியிருந்தது. எர்லிக் 576 டாலருக்குக் காசோலை அனுப்பினார்.

நம் ஊரிலும் அப்படி ஒன்று உண்டு. கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை எதிர்ச்சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) முறையில் சுத்திகரித்து மணலி ஆலைகளுக்கு அனுப்பும் நிலையம் 2019 முதல் இயங்குகிறது. கோயம்பேட்டிலும் அதே அளவில் ஒன்று உண்டு. 135 லிட்டர் கணக்கில் கொடுங்கையூர் நிலையம் மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் ஒருநாள் நீருக்குச் சமமான நன்னீரை ஆலைகளிடமிருந்து விடுவிக்கிறது. மக்கள் நெருக்கமாக வாழ்ந்து, கழிவுநீர் ஒரே குழாயில் வந்து சேர்வதால்தான் இது இயலுகிறது. சிதறிக் கிடக்கும் புறநகரில் செப்டிக் டேங்க் லாரியை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது.

9. கணக்குப்பிள்ளை

கழிவுநீர் மறுசுழற்சியை வரவேற்கிறேன். ஆனால் அதே மூச்சில் யாராவது கடல்நீரைக் குடிநீராக்குவதைச் சேர்த்துவிடுவதற்குள் ஒரு கணக்கு. காட்டுப்பள்ளியில் 2010 முதல் நாளுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள நிலையம் இருக்கிறது. ஆயிரம் லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்க மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும். முழுத் திறனில் ஓடினால் நாளுக்கு மூன்று முதல் நான்கு லட்சம் யூனிட். அது நிலக்கரி மின்சாரம் என்றால் சாம்பல் நாளுக்கு 60 முதல் 80 டன். நீரின் எல்லையை நிலக்கரியைக் கொண்டு தள்ளிவைக்கிறோம். நிலக்கரியின் சாம்பல் அதே ஆற்றின் கழிமுகத்துக்கு வருகிறது. அடர் உப்புநீர் அதே கடலுக்குப் போகிறது. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை நினைத்தால் இந்த நிலையம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கணக்கில் அதன் விலையையும் எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சைமன் பந்தயத்தைப் பற்றியும் ஒரு சொல். செம்புக்குச் சந்தை உண்டு. அரிதானால் விலை ஏறும், வேறு பொருளைத் தேடுவார்கள். கழிமுகத்து இறாலின் குஞ்சு வளரும் சேற்றுக்குச் சந்தை ஏது? அது போன பிறகுதான் போனது தெரியும். 2009இல் ராக்ஸ்ட்ரோம் தலைமையிலான அறிவியலர் குழு, மனிதர் பாதுகாப்பாக வாழ மீறக் கூடாதவை என்று புவிக்கு ஒன்பது எல்லைகளை வகுத்தது. 2023இல் வெளியான மதிப்பீட்டில் அவற்றுள் ஆறு தாண்டப்பட்டிருந்தன. உலோகம் தீர்ந்துபோவது அந்த ஒன்பதில் ஒன்றல்ல. காலநிலை, உயிரினப் பன்மை, நன்னீர், நைட்ரஜன்-பாஸ்பரஸ் ஓட்டம் என்று விலைச்சீட்டு ஒட்ட முடியாதவைதான் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

10. நெய்தல்

என் தாய்வீடு பழவேற்காடு, வாழ்வது காசிமேட்டில். எல்லை என்பதை இங்கே எல்லோரும் அறிவியலர்கள் கண்டுபிடித்த ஒன்றைப்போல எழுதுகிறீர்கள். பழவேற்காட்டு ஏரியில் பாடு முறை என்று ஒன்று உண்டு. ஏரியில் இறால் பிடிக்க ஏற்ற இடங்களை ஊராரே வரையறுத்து, எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். எல்லோரும் ஒரே நாளில் ஒரே துறையில் இறங்கினால் யாருக்கும் மிஞ்சாது என்பது அவர்களுக்குத் தெரியும். பொதுச் சொத்து என்றால் ஆளாளுக்கு அள்ளி அழித்துவிடுவார்கள் என்று 1968இல் ஹார்டின் எழுதினார். அப்படி அழியாமல் காக்கும் மக்கள் ஏற்பாடுகள் உலகெங்கும் உண்டு என்று காட்டியதற்காக எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

பாடு முறையைப் பொற்காலமாக்கவும் நான் விரும்பவில்லை. அந்த உரிமை எல்லாக் குடிகளுக்கும் இருந்ததில்லை. வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கும் உள்ளே இருந்தவர்களுக்கும் இடையே பூசல்கள் நடந்திருக்கின்றன. கையால் இறால் பிடிக்கும் இருளர்களுக்கு அதில் பங்கு கேட்க யாரும் இல்லை. இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அந்த முறையில் எடுப்பவரும் எல்லை வகுப்பவரும் ஒரே ஊரார். ஏரி வற்றினால் அவர்கள் வீட்டு உலைதான் காயும். எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் எவ்வளவு கலக்கலாம், சுடுநீர் எவ்வளவு விடலாம் என்பதை வகுப்பவர்களில் யாருடைய வீட்டு உலையும் அந்தக் கழிமுகத்தை நம்பி இல்லை. கழிமுகக் கரை மீனவ ஊரான காட்டுக்குப்பத்தின் மக்கள்தொகை இரட்டிப்பானாலும் பாதியானாலும் இது மாறாது.

11. பழையவண்ணை

எல்லாப் பதிவுகளையும் இருமுறை படித்தேன். மின்சாரம், உரம், சாம்பல் ஆகியவற்றில் இங்குள்ள நெரிசல் காரணமல்ல என்று கொற்றலைக்கரை காட்டியிருக்கிறார். அதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் தரவு இல்லை. ஆனால் என் கேள்வியின் ஒரு பகுதி இன்னும் அப்படியே நிற்கிறது. சாக்கடை, திறந்தவெளி, காற்றோட்டம், தீ, வெள்ளம் ஆகியவை அந்தந்த இடத்து எல்லைகள். இவற்றை எவரும் வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டுவதில்லை. நான்கு தளம் கட்ட இடம் கொடுக்கும் மனையில், கீழே குழாய் மாறாதவரை, ஐந்தாவது குடும்பம் வந்தால் சாக்கடை பொங்கும். மக்கள் சிலர் வேறிடம் போவது அவர்களுக்கே நல்லதுதானே?

12. ஆறாம் பிளாக்

போனவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், ஐயா. கால்வாய்க் கரையிலிருந்தும் ஆற்றோரங்களிலிருந்தும் அகற்றப்பட்டவர்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். எங்கள் பகுதியிலிருந்து பெரும்பாக்கம் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். இங்கே மீன் சந்தைக்கும் துறைமுகத்துக்கும் வீட்டு வேலைக்கும் நடந்தோ ஒரே பேருந்திலோ போனவர்கள், அங்கிருந்து மூன்று பேருந்து மாறினார்கள். பல பெண்கள் வேலையை விட்டார்கள். கொஞ்சம் வசதி வந்த வீடுகளில் தவணைக்கு வண்டி எடுத்தார்கள். குடியிருப்பு எழுந்த இடமும் வெற்று மேடு அல்ல, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியது. மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் நிற்கும் படங்கள் ஆண்டுதோறும் வருகின்றன. இங்கே நெரிசல் குறைந்தது என்று ஒரு கணக்கில் எழுதிவிடலாம். பெட்ரோலும் பயண நேரமும் சதுப்பும் எந்தக் கணக்கில் எழுதப்பட்டன?

குழாயை மாற்றுங்கள் என்று கேட்டால் இடம் இல்லை என்கிறார்கள். மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர்வரை 2021இல் வந்துவிட்டது; அதற்கு இடம் கிடைத்தது.

13. நெறியாளர்

குறிப்பிட்ட ஆலையின் நிர்வாகிகள் பற்றிய இரண்டு பதிவுகள் இழைக்குத் தொடர்பில்லாததால் நீக்கப்பட்டன. விவாதம் தொடரட்டும்.

14. கொற்றலைக்கரை

பழையவண்ணை ஐயா சொல்லும் இடத்து எல்லைகள் உண்மையானவை. அவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்த எல்லைகளைக்கூட இங்குள்ள தலைகள் மட்டும் நிரப்பவில்லை. கொடுங்கையூர்க் குப்பைமேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையின் இரண்டு பெரிய குப்பைக் கிடங்குகளில் ஒன்று இது. அண்ணா நகர் மண்டலம்வரை உள்ள குப்பை இங்கேதான் வந்திருக்கிறது. வசதி கூடக் கூட ஒரு வீடு வெளியே வைக்கும் பையும் கனக்கிறது. இப்போது பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கிறார்கள். அதோடு புதிய குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டம் வந்து, சுற்றுவட்டார மக்கள் அதை எதிர்க்கிறார்கள். எரிக்கப்படுவது நகரத்தின் குப்பை, மூச்சு இழுப்பது இங்குள்ளவர்கள். அங்கே திறந்தவெளி என்று நீங்கள் கேட்கும் இடம் முந்நூறு ஏக்கருக்கும் மேல் இருக்கிறது, ஐயா. குப்பை அதன்மேல் அமர்ந்திருக்கிறது.

உலக அளவிலும் இதே அமைப்புதான். இந்தியாவில் ஒருவருக்கான கரியமில வாயு வெளியீடு ஆண்டுக்குச் சுமார் 2 டன். அமெரிக்காவில் சுமார் 14 டன். உலகின் மக்கள்தொகை மிகுந்த நாடு என்று நம்மைச் சுட்டுகிறார்கள். நாம் வடசென்னையைச் சுட்டுகிறோம். இந்தியா என்ற சராசரிக்குள்ளும் கணக்குப்பிள்ளையின் இரண்டு வீடுகள் இருக்கின்றன என்பதையும் மறந்துவிடக் கூடாது. அந்த 2 டன்னைக் காட்டி ஏசி வீட்டுக்காரர் தப்பித்துக்கொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

15. கணக்குப்பிள்ளை

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. மீண்டும் அடர்த்தி எண்கள் வெளியாகும். மீண்டும் நாளிதழ்களில் வடசென்னை சிவப்பு நிறத்தில் காட்டப்படும். அதற்கு முன் மின்பகிர்மானக் கோட்டவாரியாக வீட்டு இணைப்புகளின் எண்ணிக்கையும் இருமாத யூனிட் அளவும், குடிநீர் வாரியத்தின் பகுதிவாரியான வழங்கல் அளவும், மண்டலவாரியான குப்பை எடையும் நம் கையில் இருந்தால், அந்த வரைபடத்தின் பக்கத்தில் இன்னொரு வரைபடத்தை வைக்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டிய கேள்விகளை இந்த வாரக் கடைசியில் எழுதித் தருகிறேன். பழையவண்ணை ஐயாவின் தெருச் சாக்கடைக் குழாயின் விட்டமும் பதிக்கப்பட்ட ஆண்டும் அதில் சேரும்.

16. பழையவண்ணை

சேருங்கள். கட்டட அனுமதி தரும்போது குழாயின் கொள்ளளவைப் பார்க்கிறார்களா என்பதையும் கேளுங்கள். எனக்கு முதலில் வேண்டியது அந்தப் பதில்தான்.

17. ஆறாம் பிளாக்

லாரித் தண்ணீர் எந்தத் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதும் வேண்டும். அந்த ஏடு பணிமனையில் இருக்கும். மின்சாரம், குடிநீர், மாநகராட்சி ஆகிய மூன்றுக்கும் தனித்தனி மனுவாகவே போடுங்கள், ஐயா. ஒரே மனுவில் கேட்டால் ஓர் அலுவலகம் இன்னொன்றுக்கு மாற்றி அனுப்புவதிலேயே மாதக்கணக்கில் போய்விடும்.